மேனேஜர் சாப்பிட வேண்டும்

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் தையல் மெஷினைப் பார்த்துக்கொள்வதால் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். கிழிந்த விரிப்பு, பொத்தான் போன அங்கி, நாடா அறுந்த தலையணை உறை எல்லாம் அவளிடம்தான் வந்து குவியும். தையல் ஓய்ந்த நேரத்தில் விரிப்பு மடிக்க வேண்டும். அது ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு நுனியைப் பிடித்து உதறி, நடந்து வந்து சேர்ந்து, ஒருத்தி கையில் இருக்கிற நுனியை மற்றவளிடம் கொடுத்து, மறுபடியும் விலகி, மறுபடியும் சேர வேண்டும். அங்கே பேச்சும் அப்படித்தான் நடக்கும். கிட்டே வரும்போது ரகசியம், தள்ளிப் போகும்போது ஊர்க்கதை.

அவளோடு மடிக்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மேனேஜரை யார்கிட்டயாவது குடுத்துடலாம்னு இருக்கேன்" என்று கிட்டே வந்தபோது தையலக்கா மெதுவாகச் சொன்னாள்.

ரேடியோ நுனியைக் கொடுத்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அந்தக் கோடிக்குப் போய் நின்று, உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலையும் தாண்டி, "நாயையா? மாமா ஆசையா வளர்த்த நாயையா?" என்று கேட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போதுமா?

மேனேஜர் என்று பெயர் வைத்தது தையலக்காவின் வீட்டுக்காரர். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு நாள் கிரீஸ் கையோடு ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது வந்ததும் வராததுமாக ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "அப்படியே எங்க மேனேஜர்டி இது" என்றார். "மேனேஜர், உக்காருடா", "மேனேஜர், வாயை மூடுடா" என்று அதட்டுவதில் மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பணிமனையில் சொல்ல முடியாததையெல்லாம் வீட்டில் சொல்லித் தீர்த்துக்கொண்டார்.

குட்டி வளர்ந்து கன்றுக்குட்டி கணக்காக ஆனது. அதற்குள் அவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துபோனது, வாய் கோணிக்கொண்டது. காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டி, நாயைக் கீழே கூட்டிப்போய் வந்து, பஸ்ஸைப் பிடித்து ஓடினால், அங்கே ஊர் நோயாளிகள் படுத்து எழுந்த விரிப்பெல்லாம் அவளுக்காகக் காத்திருக்கும். சாயங்காலம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவருக்கு முதலில், நாய்க்கு அடுத்து, மிச்சம் இருப்பதை அடுப்படியில் நின்றபடியே அவள் அள்ளிப் போட்டுக்கொள்வாள். வருஷக்கணக்காக இதுதான். அவர் போனபோது அவள் அழுதாள், உண்மையாகவே அழுதாள். அழுது முடித்ததும் முதலில் வந்தது கொட்டாவி. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் போனார், மேனேஜர் இருந்தது. அதற்கும் வயதாகிவிட்டது, பின்னங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு பழைய விரிப்பை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்குவாள். ஏறும்போது இன்னும் மோசம். அவள் முழங்காலும் அதன் இடுப்பும் போட்டி போட்டுக்கொண்டு கெட்டுப்போயின. அவள் வேலைக்குக் கிளம்பிய உடனே அது ஊளையிட ஆரம்பித்துவிடும். கீழ்வீட்டுக்காரர் முதலில் நல்லபடியாகச் சொன்னார், பிறகு முறைத்தார், இப்போது அவளைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்.

வேறு ஊரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னாள்.

"அப்பாவோட நாயைக் குடுக்கப் போறியா? உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

"அப்ப நீ வந்து கூட்டிட்டுப் போ."

"இங்க எப்படிம்மா? வீட்டு ஓனர் விட மாட்டார். குழந்தைக்கு வேற மூச்சு இழுக்குது."

"அப்ப என் மனசைப் பத்திப் பேசாதே."

மகள் மட்டுமா? நாயை வைத்துக்கொள்ள ஒருத்தர் இல்லை, நியாயம் பேச எல்லாரும் இருந்தார்கள். பெற்ற பிள்ளையை விட்டுவிடுவாயா என்றார்கள். வாயில்லா ஜீவன் என்றார்கள். வாய் இருக்கிற ஜீவன் ஒன்று அதே வீட்டில் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆனால் படியும் காலும் ஊளையும் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

கை கால் நன்றாக இருந்த காலத்தில், அவர் வேலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு அடுப்படி வாசலில் நின்று, "சாப்பிடலாம், வா" என்பார். படுத்த பிறகு அவருடைய பேச்சில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் முழுசாக இல்லை. நாக்கு தடித்துப்போய், "ஆ...லாம்...வா" என்று வாயின் ஓரமாக இழுத்துக்கொண்டு வரும். அவள் அடுப்படியில் கையும் காரியமுமாக இருப்பாள், வர முடியாது. மேனேஜர் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் அதன் தட்டு இருக்கும். அவர் அந்தச் சத்தத்தைக் கொடுத்த பிறகுதான் அது தட்டில் வாய் வைக்கும். அப்படியே பழகிவிட்டது.

அவர் போன பிறகு அது சாப்பிடவில்லை. "சாப்பிடுடா" என்றாள், "ராஜா இல்லையா" என்றாள், மடியில் அதன் தலையை வைத்து ஊட்டியும் பார்த்தாள். தட்டைப் பார்க்கும், கட்டிலைப் பார்க்கும், படுத்துவிடும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்த ஒரு நாள் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் அவரே வந்து சொல்லணுமா உனக்கு?" என்று கத்திவிட்டு, வாயைக் கோணிக்கொண்டு, பழித்துக்காட்டுவது போல, "ஆ...லாம்...வா" என்றாள். மேனேஜர் எழுந்து வந்து தட்டைக் காலி செய்தது.

அன்றிலிருந்து வேளை தவறாமல் அவள் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. செத்துப்போன புருஷனின் கோணிய வாயைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் சொல்வாள். சொன்ன பிறகு கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். அவரை மறக்கவும் முடியவில்லை, ஒழுங்காக நினைத்துக்கொள்ளவும் முடியவில்லை. நல்ல காலத்தில் அவர் குரல் எப்படி இருந்தது என்று யோசித்தால், தன் வாயிலிருந்து வருகிற அந்தச் சத்தம்தான் காதில் விழுந்தது. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெள்ளையடிக்க ஒரு பெயிண்டர் வந்திருந்தார். ரேடியோவின் ஒலிபரப்பு ஏணி உச்சி வரைக்கும் போயிருக்கிறது. பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டே இறங்கி வந்தவர், அதை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "நாய் குடுக்கறதா சொன்னாங்க" என்றார்.

"வயசானது. பின்னங்கால் சரியில்ல" என்றாள் தையலக்கா. எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னாள்.

"இருக்கட்டும்மா. எங்க வீடு தரையோட தரை, படியே கிடையாது. எந்நேரமும் ஆள் இருக்கும். எங்க நாய் போனதுலேர்ந்து என் சம்சாரம் முகம் குடுத்தே பேசறதில்ல. நான் என்னமோ கொன்னுட்ட மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேனிலேயே மேனேஜரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் ஏணியும் காலி பெயிண்ட் டப்பாக்களும் அடுக்கியிருந்தன. பெயிண்டரின் மனைவி ஒரு மெத்தைத் துண்டைத் தயாராகப் போட்டு வைத்திருந்தாள். தையலக்கா எல்லாம் சொன்னாள். மாத்திரையை முட்டைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தால் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் தூங்கிவிடும்.

"வேற ஏதாவது இருக்காக்கா?" என்று பெயிண்டரின் மனைவி கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்ல."

சொல்ல வாய் வரவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரில் அப்படி முகத்தைக் கோணிக்கொண்டு நிற்பதா? பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்றும் தோன்றியது. சாப்பிடாவிட்டால் அவர்களே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அப்போது கொடுத்துவிட்டாள் என்ற பழியும் இருக்காது, அவளாக வைத்துக்கொண்டதாகவும் ஆகாது. அப்படி ஒரு கள்ளத்தனம் தனக்குள் இருந்தது தெரிந்ததும் அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் இறங்கித் திரும்பிப் போகவில்லை.

அன்று சாயங்காலம் வெறுங்கையோடு மாடி ஏறினாள். மனசாட்சி உறுத்தும், உறுத்தும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கம்தான் வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு விடிகிற வரைக்கும் புரளாமல் தூங்கினாள்.

மறுநாள் பெயிண்டர் போன் செய்தார். "அம்மா, மேனேஜர் வாய் வைக்க மாட்டேங்குது."

"புது இடம் இல்லையா. போகப் போகச் சரியாயிடும்" என்றாள்.

அடுத்த நாளும் போன் வந்தது. இந்தத் தடவை மனைவி பேசினாள். "கறி போட்டும் பார்த்துட்டேன்க்கா. தட்டைப் பார்க்குது, அப்புறம் கதவைப் பார்க்குது. எனக்கு மனசே சரியில்ல."

தையலக்காவுக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை. ஊசி விரலில் ஏறாத குறைதான். விரிப்பு மடிக்க எழுந்தபோது ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிட்டே வரும்போது கொஞ்சம், மறுபடியும் கிட்டே வரும்போது கொஞ்சம். தள்ளிப் போகும்போது ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சரித்திரத்தில் அது முதல் தடவை.

கடைசி மடிப்பில் இருவர் கையும் சேர்ந்தன. "குடுத்தது தப்பு இல்லக்கா" என்றாள் ரேடியோ. "அன்னிக்கு நான் என்னமோ கத்திட்டேன், அதை விடு. உன்னால முடியல, குடுத்துட்ட. ஆனா குடுத்துட்டு ஒரு நுனியை நீயே பிடிச்சுக்கிட்டு இருந்தா, அங்க நிக்கிறவங்க எப்படி மடிப்பாங்க?"

தையலக்கா நுனியை விட்டாள். வேலை முடிந்து நேரே பெயிண்டர் வீட்டுக்குப் போனாள்.

மேனேஜர் ஏணி நிழலில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டியது, எழுந்திருக்கத் தெம்பு இல்லை. பக்கத்தில் தட்டு அப்படியே இருந்தது, ஈ மொய்த்தது. பெயிண்டரும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரி சொன்னாத்தான் அது சாப்பிடும்" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

"அதுக்கென்னக்கா, இப்ப சொல்லுங்க" என்று பெயிண்டரின் மனைவி வேறு தட்டில் புதிதாகச் சாப்பாடு போட்டு வந்தாள்.

தாழ் போட அங்கே கதவு இல்லை. தையலக்கா குனிந்து, வாயைக் கோணிக்கொண்டு, சொன்னாள். மேனேஜர் முன்னங்காலை ஊன்றி எழுந்து வந்தது. இரண்டு வாய் தின்றதும் அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். "இனிமே நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

பெயிண்டரின் மனைவி சொன்னாள். விருந்தாளியை அழைப்பது போல இருந்தது. மேனேஜர் மரியாதையாக அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். பெயிண்டர் சொன்னார், அதற்கும் அது அசையவில்லை, மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவு தெளிவா வேணாம்" என்றாள் தையலக்கா. "நாக்கு இருக்கு, ஆனா நம்ம பேச்சைக் கேக்கல. அப்படி வரணும். அவருக்குப் பக்கவாதம்."

அந்த வார்த்தை விழுந்ததும் பெயிண்டரின் மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டாள். பெயிண்டர் தலையைச் சொறிந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, அதன் கட்டையை வலது கடைவாயில் கவ்விக்கொண்டார். ஏணியில் நின்று பேசிப் பேசிப் பழகிய வாய்.

"ஆ...லாம்...வா."

மேனேஜரின் காது நிமிர்ந்தது. தையலக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் தன் வாயில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. இதுதான் அந்தக் குரல்.

நாய் தட்டில் வாய் வைத்தது. நடுவில் ஒரு தடவைகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வலித்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களும் ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பெயிண்டரின் மனைவி உள்ளே போய்த் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"வேணாம்மா, பஸ் போயிடும். எனக்கு அங்க ஆயிரம் வேலை கிடக்கு."

உண்மையில் ஒரு வேலையும் இல்லை. சும்மா வாயில் வந்தது. இத்தனை வருஷமும் யார் எதற்குக் கூப்பிட்டாலும் அவள் சொன்ன பதில் அதுதான்.

பெயிண்டர் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். பிரஷ் வாயில் இருப்பதையே மறந்துபோய், ஈரக் கையை உதறிக்கொண்டு வாசலில் வந்து நின்று, அவளைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"ஆ...லாம்...வாங்க."

தையலக்கா அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலில் கிடந்துகொண்டு வேளா வேளைக்கு அவர் அதைச் சொன்னபோதெல்லாம், அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, நாயைக் கூப்பிடுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.