கரடி தும்மும் இசைத்தட்டு

பழைய இசைத்தட்டுகளைக் கழுவுவது முதுகை முறிக்கிற வேலை. ஒவ்வொன்றையும் குனிந்து நின்று மெல்லிய துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும். மாரி முடிந்தால் எங்கள் உடுவில் வீட்டில் எல்லாத் தட்டுகளிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். சிறுவர் படங்களின் பாட்டும் வசனமும் சேர்ந்த தட்டுகளை மட்டும்தான் நான் சேர்க்கிறேன். பன்னிரண்டு வருடங்களில் இருநூறுக்குக் கிட்ட வந்துவிட்டன. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இது எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா இப்படி நாலைந்து தட்டுகளும் ஒரு பிளேயரும் வாங்கி வந்தார். அந்த மாதமே சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். தட்டைச் சுழற்ற அது போதவில்லை. வருடக்கணக்காக அட்டைப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடம்பெயர்ந்து போய்த் திரும்பியபோது வீட்டில் கதவுகள்கூட இருக்கவில்லை. அந்தத் தட்டுகளில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அதனால்தான் சேர்க்கத் தொடங்கினேன். இப்போது தட்டுகள் இருக்கின்றன, கேட்கத்தான் தெம்பில்லை. கழுவி, காயவைத்து, உறையில் போட்டு அடுக்குவதிலேயே சனிக்கிழமை போய்விடுகிறது.

போன தை மாதம் அப்படியொரு சனிக்கிழமை, உடுப்புத் தோய்க்கிற மெசினைத் திருத்த டவுனிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர். அவர் பின்விறாந்தையில் மெசினைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் குசினி மேசையில் கழுவிய தட்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஓடிய தட்டில், சர்க்கஸிலிருந்து தப்பிவந்த கரடிக்குட்டியை ஒரு சிறுமி அலுமாரிக்குள் ஒளித்துவைத்திருந்தாள். தேடி வந்தவர்கள் அலுமாரிக்கு முன்னால் நின்று அவளை விசாரித்தார்கள்.

"இனிக் கரடி தும்மும்," என்றார் அவர் வாசலில் நின்று.

கரடி தும்மியது.

நான் ஊசியைத் தூக்கினேன். "அண்ணை, உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம் ரீச்சர். எங்கட வீட்டிலையும் இருந்தது. நானும் தங்கச்சியும் பாடமாக்கி வைச்சிருந்தனாங்கள்." கையிலிருந்த திருப்புளியைத் துணியில் துடைத்தார். "தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லேக்கை தங்கச்சி இதைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு வந்தவ. வழியிலை சோதிச்ச இடத்திலை எடுத்து மதிலோடை சாத்தி வைச்சிட்டினம். புத்தளம் போய்ச் சேருமட்டும் அவ ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

அந்தத் தட்டு எனக்கு அரியாலையில் ஒரு வீட்டை விற்பதற்காகக் காலிசெய்தபோது கிடைத்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. இப்போது உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் இல்லை.

"இது எங்கடையெண்டு நான் சொல்லேல்லை. எத்தினை பேர் வாங்கியிருப்பினம்," என்றார். பிறகு, "தங்கச்சிக்குப் போன் போட்டுத் தரட்டோ? இன்னும் புத்தளத்திலைதான் இருக்கிறா."

அழைத்து விஷயத்தைச் சொல்லி, போனைப் பிளேயருக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் தொடக்கத்திலிருந்து போட்டேன். சிறுமி முதல் வரியைச் சொல்லி முடிக்கவில்லை.

"நானா, அதை நிப்பாட்டச் சொல்லுங்க. எனக்கு வேலை கிடக்கு," என்று அண்ணனிடம் சொல்லும் பெண்குரல் கேட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மெசினுக்குத் திரும்பினார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். போகும்போது தட்டை அவரிடம் நீட்டினேன். "என்னட்டைப் பிளேயர் இல்லையே ரீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பழைய காயத்தை நான்தான் வேலைமினக்கெட்டுக் கிளறிவிட்டேன் என்ற எண்ணம் நாள் முழுக்க உறுத்தியது. மிச்சத் தட்டுகளைக் கழுவ மனம் வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து, பள்ளிக்கூடத்தால் வந்து சாறிகூட மாற்றாமல் கதிரையில் சாய்ந்திருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மெசின் திருத்தியவரின் தங்கைதான், அவரிடம் என் இலக்கத்தை வாங்கியிருந்தார்.

"அண்டைக்கு என்ர பிள்ளையள் பக்கத்தில இருந்ததுகள். அதுகளுக்கு முன்னால அழ எனக்கு விருப்பமில்லை," என்றார். "இப்ப வீட்டில ஒருத்தரும் இல்லை. போடுறீங்களா?"

கால் இரண்டும் கடுத்தது. எழும்பித் தட்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை போனில் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் அன்றுதான் அந்தக் கதையை முழுதாகக் கேட்டேன்.

"தபாலில் அனுப்பிவிடட்டா?" என்று கேட்டேன்.

"வேணாம் ரீச்சர். இஞ்ச மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வரும். உங்களிட்டயே இருக்கட்டும். மனம் கேட்டால் போன் எடுக்கிறன்."

அதன் பிறகு மூன்று தரம் எடுத்திருக்கிறார். கடைசித் தரம் தட்டைப் பற்றிப் பேசவேயில்லை. மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றித்தான் கேட்டார்.

போன மாதம் தொண்டைமானாற்றிலிருந்து ஒருவர் அழைத்து, ஒரு பெட்டி நிறையச் சிறுவர் தட்டுகள் இருக்கின்றன என்றார். ஆருடையவை என்று கேட்டேன். அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"ஆருக்குத் தெரியும்? வீட்டோடை கிடந்தது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். ஞாயிறு விடிந்தபோது, ஆருடையது என்று தெரியாத இன்னொரு பெட்டிக்காகப் பஸ் ஏற உடம்பில் சத்தில்லை. வரவில்லை என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு, மத்தியானம்வரை படுத்துக் கிடந்தேன்.