பூ விழவில்லை, பஸ்ஸும் வரவில்லை

மருத்துவமனையிலிருந்து நான் வீட்டுக்கு வந்த நாளில், பார்க்க வந்த எல்லோரும் எங்கள் குலதெய்வத்தைச் சொல்லி ஒன்றையே சொன்னார்கள். "அம்மாதான் உன்ன காப்பாத்துனா." அப்போது என் கட்டிலுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து, என் தங்கை மஞ்சுளா நின்றிருந்தாள். விபத்தில் என் பைக்கின் பின் சீட்டில் இருந்தவர் அவள் கணவர் முனிராஜ். அவர் இறந்து, காரியமே முடிந்துவிட்டிருந்தது. வந்தவர்கள் சொன்னதை அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கடைசி ஆள் போன பிறகு வாயைத் திறந்தாள்.

"உன்ன காப்பாத்துன அம்மாவ இனிமே நீயே கும்பிட்டுக்க."

அதனால்தான் உயிர் பிழைத்ததற்காக நான் எங்கும் சாட்சி சொன்னதில்லை. இன்று சொல்ல வந்தது அதைவிடச் சின்ன விஷயம். சின்னதாக இருந்தாலும் நான் கேட்டுப் பெற்றது.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஜவளகிரிக்கும் தளிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். பொருளை அதன் இடத்தில் வைத்துப் பழகியவன். டயரில் காற்றுப் பார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்கியது கிடையாது.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், நானும் முனிராஜும் தளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சிற்றூர். லாரிகளின் வேகத்தைப் பொறுக்க முடியாமல் ஊர்க்காரர்களே அன்று பகலில் ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். காலையில் நான் போனபோது அது அங்கே இல்லை. வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை. நான் நாற்பதுக்கு மேல் போகவில்லை. இதைப் போலீசில் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். வண்டி எகிறி விழுந்தது. முனிராஜுக்குத் தலையில் அடி, அங்கேயே போய்விட்டார். எனக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். மறுநாள் அந்த வேகத்தடைக்கு வெள்ளை அடித்தார்களாம்.

மஞ்சுளாவை நாங்கள் பக்கத்து வீட்டிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். ஐப்பசியில் மெக்கானிக் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள்.

"இந்தச் சத்தம் இனிமே என் காதுல வுழக் கூடாது. வுழுந்துச்சுன்னா புள்ளைங்கள இழுத்துக்குனு எங்கனா போயிடுவேன்."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வண்டியைத் தார்பாய் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இல்லாத நேரம் பார்த்துச் செயினுக்கு எண்ணெய் விட்டேன். கோல் ஊன்றி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். தளி போய் அங்கிருந்து கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். பலநாள் பிடிக்க முடியவில்லை.

என் வேண்டுதல் ஒன்றுதான். நான் மறுபடி வண்டி எடுக்க வேண்டும். என் தங்கை சம்மதித்து எடுக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் எடுக்க என்னால் முடிந்திருக்கும். அப்படி எடுத்தால் இருக்கிற ஒரே தங்கையும் போய்விடுவாள்.

இப்படிப்பட்ட காரியத்துக்கு எங்கள் பக்கத்தில் அம்மனிடம் பூ கேட்பார்கள். சிலையின் இரு தோளிலும் பூ வைத்து மனதில் கேட்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் அம்மன் சரி என்கிறாள். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம் என்கிறாள். எங்கள் குலதெய்வம் பட்டாளம்மன். மூன்று வெள்ளிக்கிழமை என் மனைவி ரத்னாவோடு போய் உட்கார்ந்தேன். வலமும் விழவில்லை, இடமும் விழவில்லை. மூன்றாம் வெள்ளி பூசாரிக்கே பொறுமை போய்விட்டது.

"ஈரத்துல ஒட்டிக்குச்சு. வேணும்னா ஃபேன போடட்டுமா?"

"போடுங்க சாமி. காத்தும் அவ காத்துதான" என்றாள் ரத்னா.

"வேணாம்" என்றேன். "ஃபேன் குடுத்த உத்தரவ என் தங்கச்சி ஒத்துக்குவாளா?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனை எடுக்கத் தெரிந்தவளுக்கு ஒரு பூவை எடுத்துக் கீழே போடத் தெரியவில்லையா என்று அம்மனின் முகத்தைப் பார்த்தே கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன். பக்தி இல்லாதவன் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். அன்றைக்கும் மறுநாளும் விளக்கேற்றியவன் நான்தான்.

தை பிறந்ததும் பாகலூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் மஞ்சுளாவுக்கு வேலை கிடைத்தது. அவர்கள் வேன் தளியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பும். ஆகவே அவளுக்கும் அதே பஸ், அதே நிறுத்தம். நிழற்குடையின் ஒரு முனையில் அவள் நிற்பாள், மறுமுனையில் நான். டீக்கடை மாதப்பா தினமும் கிண்டல் செய்வார்.

"ஏங்க ஸ்டோர்ஸ்காரரே, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பஸ்ஸையே நிறுத்தலாம் போல கீதே!"

பங்குனியில் ஒரு காலை பஸ் வரவில்லை. மஞ்சுளா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை வேனைத் தவறவிட்டுவிட்டாள் என்பதும், இன்னொரு தடவை ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார் என்பதும் ரத்னா மூலம் எனக்குத் தெரியும். மாதப்பா போனில் கன்னடத்தில் யாரிடமோ பேசிவிட்டு எங்களைப் பார்த்துக் கைவிரித்தார். "பஸ் பரல்லா. ஜவளகிரிகிட்டயே நின்னுடுச்சாம்."

மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் பேசினாள்.

"வண்டி ஸ்டார்ட் ஆவுமா?"

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். தார்பாயை எடுத்தேன். பேட்டரி இறங்கியிருந்தது. கம்பி வைத்த காலால் கிக்கரை மிதிக்க முடியவில்லை. இரண்டு தடவை மிதித்ததும் கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் பயம்தான். அம்மா, பூ வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இதை மட்டும் கிளப்பிக் கொடு என்று வேண்டினேன்.

நிமிர்ந்தால் வாசலில் மஞ்சுளா. பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"ஏறி உக்காரு. தள்றேன்."

தோளில் மதியச் சாப்பாட்டுப் பையோடு, தன் கணவன் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பின்னால் இரண்டு கையையும் கொடுத்து அவள் தள்ளினாள். தெருச் சரிவில் கிளட்சை விட்டேன். வண்டி இருமியது, நின்றது. மறுபடி தள்ளினாள். பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் என்ன ஆனது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு அவருக்குக் குடுத்தியா?"

ஏழு மாதமாக ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அவள் உள்ளே வைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

"குடுத்தேம்மா. தலைவலிக்குதுன்னு வேணாம்னாரு. வற்புறுத்தியும் கேக்கல."

"ம். அவரு அப்படித்தான்" என்றாள். ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினாள். என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இருபதில் போனேன். அந்த வேகத்தடைக்கு முன்னால், "நிறுத்து" என்றாள். இறங்கி நடந்து அதைத் தாண்டினாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு தாண்டினேன். ஏறிக்கொண்டாள்.

தளியில் வேன் புறப்படாமல் நின்றிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. பஸ் வரல, அவ்ளோதான்" என்றாள். நான் சரி என்றேன். நாலு அடி போனவள் நின்றாள். "சாயங்காலம் வேன் அஞ்சரைக்கு வரும். லேட் பண்ணாத."

வேன் போன பிறகு வண்டி மேல் உட்கார்ந்து அழுதேன். தளி பஸ் நிலையத்தில் காலை நேரத்தில் நாலு பேர் பார்க்க ஒரு நடுவயது ஆள் அழுதால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது. எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது தினமும் அவளை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். அவளுக்கென்று தனி ஹெல்மெட் வாங்கிவிட்டேன். என் கால் வலி போகவில்லை. முனிராஜ் வரப்போவதில்லை. மஞ்சுளா இன்னும் கோயிலுக்கு வருவதில்லை, நான் கூப்பிடுவதுமில்லை. அம்மனோடு எனக்குக் கணக்கு தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் வண்டி எடுக்க வேண்டும், என் தங்கை சம்மதிக்க வேண்டும் என்று கேட்டேன். வண்டியை அவள் கையாலேயே தள்ள வைத்தாள் அம்மா. இதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்று வெள்ளி உட்கார்ந்தும் பூ விழாமல் எழுந்து போகிறவர்களுக்காகவே இதை எழுதினேன். கோபம் இருந்தால் கோபத்தோடு கேளுங்கள். கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். கேட்ட அளவுக்குக் கிடைக்காவிட்டாலும் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்கு என் நன்றி. நாளைக்கு எங்கள் இருவருக்கும் முதல் ஷிப்ட். ஆறு மணிக்குள் தளியில் இருக்க வேண்டும்.