உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்

எங்கள் மாடி வீட்டிலிருந்து தெருவுக்கு இருபத்து மூன்று படிகள். நல்ல நாளில் என் மனைவி அவற்றை இறங்க ஒன்பது நிமிடம் ஆகும், நடுவில் இரண்டு இடத்தில் உட்காருவாள். மோசமான நாளில் இறங்கவே மாட்டாள். இதில் இருந்த ஆபத்து எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் முப்பத்தொரு வருடம் தோல் எண்ணியவன் நான். எண்ணாமல் இருக்க வராது. அவளுக்கு இருதயம் பலவீனம். கால் வீங்கும், மூச்சு வாங்கும். மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அந்தத் தேதியில் உடம்பு முடியாமல் போனால், "இன்னிக்கு வேணாங்க. கொஞ்சம் தேறட்டும், அப்புறம் போலாம்" என்பாள். தேறியதும் குளித்து, சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். பதினான்கு முறை போயிருக்கிறோம். பதினான்கும் அவளுடைய நல்ல நாட்கள்.

டாக்டர் வடக்கிலிருந்து வந்த இளம் பெண். நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். கடைசியாகப் போனபோது கேட்டார்.

"எப்படி இருக்கு, அம்மா?"

"பரவால்ல டாக்டர்."

"மூச்சு?"

"பரவால்ல."

"தூக்கம்?"

"அதுவும் பரவால்லம்மா."

முதலாவதற்கு, நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று பொருள். இரண்டாவதற்கு, என்ன செய்ய முடியும் என்று. மூன்றாவதற்கு, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று. டாக்டருக்கோ மூன்றுமே 'முன்பைவிட நலம்'. கம்ப்யூட்டரில் சந்தோஷமாக அப்படியே ஏற்றினார். "வெரி குட். இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

"டாக்டர், இவ நாலு தலகாணி வெச்சாதான் படுக்கறா" என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"அவரு எப்பவும் எதையாவது எண்ணிக்கினே இருப்பாரு டாக்டர். தோலு எண்ணுற வேல முடிஞ்சிச்சி, இப்போ நான்தான் அவருக்குத் தோலு."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பஸ்ஸில், "ஏன் அப்டிச் சொன்ன?" என்றேன்.

"பாவம் அந்தப் பொண்ணு. வெளிய நாப்பது பேரு உக்காந்துக்கினு இருக்காங்க."

"நாப்பத்தாறு."

"பேஜாரு பண்ணாதீங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழு வாரம் கழித்து வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஒன்பது நாளாக அவள் படி இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்றால், "அது வந்து நின்னா நான் செத்துட்டேன்னு தெருவே கூடிடும்" என்றாள்.

ஃபைலை எடுத்துக்கொண்டு நான் மட்டும் வேலூர் போனேன். டாக்டர் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லா தடவையும் நல்லா இருக்காங்கன்னுதான் இருக்கு, சார். பார்க்காம மருந்து மாத்த முடியாது. இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

அவள் சொன்ன 'பரவால்ல'க்கு அது அர்த்தமில்லை என்றேன்.

"அப்போ என்ன அர்த்தம்?"

"முகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன். தமிழர்களுக்குள் அது பதில். அவர் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

வீடு திரும்பியபோது அவள் உதடு நீலம் பூத்திருந்தது. "வர்றேங்க... இன்னிக்கு மூச்சு விட முடியல... நாளைக்குக் கொஞ்சம்... தேறினதும்..." என்றாள். அதற்குமேல் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். தெரு கூடத்தான் செய்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அட்மிஷன் ஆகி இன்றோடு நான்கு நாள். முகத்தில் மாஸ்க் இருப்பதால் அவளால் பேச முடியவில்லை. டாக்டர் காலையில் வந்து என்னிடம்தான் கேட்கிறார். மூச்சு நிமிடத்துக்கு முப்பத்து நான்கு என்கிறேன். அவர் தலையசைத்துவிட்டு, அவள் தலைமாட்டில் இருக்கும் மெஷினைப் பார்க்கிறார். அதிலும் முப்பத்து நான்குதான். நான் எண்ணியிருக்கவே வேண்டியதில்லை.