மழை கழுவாத கொழுந்து

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்தவர், டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக்கு மருந்தடிப்பவர். ஒடுங்கிய முகம். விரல் இடுக்குகளில் மருந்தின் நீலக் கறை. அடிக்கடி உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருந்தார். உள்ளே அவருடைய மகள் வாந்தியெடுத்து மயங்கிக் கிடந்தாள்.

"அவளுக்கு ஓயாமக் காய்ச்சல் வருதுங்க. கிரீன் டீ குடிச்சா நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்னு டிவியில சொன்னாங்க. தேயில மலையில பச்சக் கொழுந்து பறிச்சு அவிச்சுக் குடுத்தேன்."

"அந்த மலைக்கு மருந்தடிச்சிருந்தாங்களா?"

"நான்தாங்க அடிச்சேன். பேஞ்ச மழையில கழுவிட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன்." மறுபடி கையை முகர்ந்தார். "கடையில விக்கிறதும் இதே எலதானேங்க?"

நோயாளியான அம்மாவுக்கு வாங்கிய கிரீன் டீ பெட்டி என் மடியில் இருந்தது. அதன் அட்டையில் பச்சைப் பசேலென்று தேயிலை மலை. கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் பிள்ளை எழுந்தாளா என்று தெரியாது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.