மாசு மரு இல்லாத முகங்கள்

ஸ்டுடியோவில் அவருக்கு யாரோ வைத்த பேர் பவுடர். எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு முகங்களைத் துடைத்து மெருகேற்றுவது அவர் வேலை. பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் அவர் கை பட்டால் போன இடம் தெரியாது. படத்தை வாங்கிப் பார்க்கிறவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் பாருங்கள், அதில்தான் அவர் வயிறு நிறையும்.

இள வயதில் கரிக்கோலால் மனிதர்களை உள்ளபடி வரைந்தவர்தான். ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினால் முகம் சுளிப்பார்கள். "ஏன்டா, நான் செத்தா போயிட்டேன்?" என்று மாமா ஒருவர் கேட்டதற்கப்புறம் தன் கைமேலேயே சந்தேகம் விழுந்துவிட்டது. உள்ளதை வரைந்தது தப்பா, வரைந்த விதம் தப்பா? விடை கிடைக்கவில்லை. ஸ்டுடியோவில் அந்தக் கேள்விக்கே வேலையில்லை. நாலு பேர் பிரமாதம் என்றால் கேள்வி தானாக வாயை மூடிக்கொள்ளும்.

அவர் தங்கை தோல் பதனிடும் ஆலையில் இருந்தாள். ரசாயனத் தொட்டியில் ஊறும் தோல்களைப் புரட்டிப் போடுகிற வேலை. முகக்கவசம் அணியவும் என்று சுவரில் பலகை தொங்கியது. கவசம் யாருக்கும் தரப்படவில்லை. பலகையையா மாட்டிக்கொள்ள முடியும்? வருடா வருடம் அடையாள அட்டைக்காக அந்த ஆலைக்காரர்களைப் படமெடுப்பது இவருடைய ஸ்டுடியோதான். முதலில் தங்கைக்கு மூக்கோரம் ஒரு புண். அடுத்த வருடம் அது பெரிதானது. வரிசையில் வந்து உட்கார்ந்தவர்கள் பாதிப் பேருக்கும் அதே இடத்தில் அதே புண். அவர் அதைப் பார்க்காமலில்லை. பார்த்துப் பார்த்துத்தான் அழித்தார்.

"அண்ணே, மூக்கை மட்டும் சரி பண்ணிடு. நாள் முழுக்கக் கழுத்துல தொங்கப் போற படம்," என்பாள் தங்கை. செய்து கொடுத்தால், மாப்பிள்ளை வீட்டார் அட்டையைப் பார்த்தே பாக்கு வெற்றிலை மாற்றிவிடுவார்கள் என்று தோழிகள் அவளைக் கலாய்ப்பார்கள். அவள் சிரிப்பாள். அவருக்கும் பூரிப்பாக இருக்கும். எடுத்த படத்தை அவர் தனியாக வைத்துக்கொள்வதில்லை. திருத்தியதை அதன் மேலேயே பதிந்துவிடுவார். நல்ல முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பழைய முகத்தைக் காட்டுவது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை.

புண் மூக்கோடு நிற்கவில்லை. நெஞ்சு கெட்டு, இருமி இருமியே தங்கை போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். அந்த விதிக்கு ஒரு முதலாளி இருந்தான். அவன் வாசலில் லாரி லாரியாக ரசாயனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்தாள். "அவங்க காசு எனக்கு வேணாம். வேலைதான் எம் பொண்ணைக் கொன்னுச்சுன்னு எழுதிக் குடுக்கட்டும்," என்றாள். கூட வேலை பார்த்தவர்கள் வேலை போய்விடும் என்று சாட்சிக்கு வரவில்லை. வைத்தியம் பார்த்தது ஆலை டாக்டர். ஏதோ ஒவ்வாமை என்று முடித்துவிட்டார்.

விசாரணையில் ஆலை வக்கீல் தங்கையின் அடையாள அட்டைகளை மேஜைமேல் வருட வாரியாகப் பரப்பினார். பக்கத்தில் மற்றவர்களின் அட்டைகள். எல்லா முகமும் பளிங்கு.

"நான் என்ன சார் சொல்றது? முகமே சொல்லுதே," என்றார்.

பவுடர் எழுந்தார். அது முகமில்லை, தன் கைவேலை என்றார். அதிகாரி அசல் படத்தைக் கேட்டார். அசல் எங்கே இருக்கிறது? அப்படியானால் அபாரமான வேலை என்று வக்கீல் மனதாரப் பாராட்டினார். இத்தனை வருடம் வாங்கிய பாராட்டெல்லாம் எதிர்த்தரப்புக்குச் சாட்சியாக மேஜையில் கிடந்தது.

அவர் ஒரு தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து வரைந்தார். தான் அழித்த ஒவ்வொரு புண்ணும் கைக்குத் தெரிந்திருந்தது. அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "இதான் எம் பொண்ணு," என்றாள்.

வக்கீலும் எட்டிப் பார்த்தார். "இருந்ததை அழிச்சேன்னு நீங்களே சொன்னீங்க. இல்லாததை வரையலைன்னு யார் நம்புறது?"

அதிகாரி தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்.

படியிறங்கும்போது அம்மா, "அவ உசிரோட இருக்கறப்பவே இப்படி வரைஞ்சிருக்கலாம்டா," என்றாள். திட்டவில்லை. சும்மா சொன்னாள்.

அடுத்த முறை ஆலைக்காரர்கள் படமெடுக்க வந்தபோது அவர் ஒரு முகத்தையும் தொடவில்லை. உள்ளது உள்ளபடி அச்சிட்டுக் கொடுத்தார். வாங்கியவர்கள் முகம் கறுத்தது. என்ன பகை உங்களுக்கு எங்க மேல என்று ஒரு பெண் அழுதே விட்டாள். புண்ணைக் கொடுத்தவனிடம் கேட்காத கேள்வி, காட்டியவரிடம் வந்தது. ஆலை வேறு ஸ்டுடியோவைப் பிடித்துக்கொண்டது. இவருடைய முதலாளி இவரை அனுப்பிவிட்டார்.

இந்த முறை அசல் படங்களை அவர் அழிக்காமல் கையோடு எடுத்து வந்திருந்தார். வந்து கேட்பார் இல்லை.