ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்

கள்ளுக்கடையை மூடச் சொல்லி, ராஜபாளையத்திலிருந்து பெண்கள் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரிக்குப் போனோம். அதிகாரி சரியென்றதும் எல்லோரும் கும்பிட்டோம். என் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் நகரவில்லை.

“மூடுனா மட்டும் பத்தாதுய்யா. குடிய விட்டதும் எம் புருசனுக்கு ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. பேயின்னு நெனச்சுக் கோடாங்கிகிட்ட இழுத்துட்டுப் போனோம். செத்துப் போனாரு. குடிய விடுறவுகளுக்கு வைத்தியம் பாக்க ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் போட்டுக் குடுங்க.”

வந்த காரியத்தைக் கெடுக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கட்டில் வந்தது. அதில் முதலில் படுத்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் குணமாகி வந்த அன்று அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“கைய நீட்டுங்கண்ணே.”

நீட்டினார். நடுங்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

என் கழுத்தில் கிடக்கும் தாலி அவள் கேட்டு வாங்கித் தந்தது.