பக்கத்து சீட்டுப் பெண்மணி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பேருந்தில் எங்கள் சீட்டின் ஓரத்தில் அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். நல்ல பருமன். மடியில் மூன்று டப்பாக்கள். ஒரு வாய் எடுத்ததும் மூடிவிட்டு, மென்று முடித்த பிறகே அடுத்ததைத் திறந்தார்.

இளைக்க வேண்டுமென்று வெறும் வெள்ளரிக்காயாகத் தின்ற என் மகள், போன வாரம் கல்லூரியில் மயங்கி விழுந்திருந்தாள். டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம். அவள் அந்த டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேப்பை இட்லி, பயத்தஞ்சுண்டல், முருங்கைக்கீரை. எடுத்துக்க தாயி."

"வேண்டாம் ஆன்ட்டி, டயட்ல இருக்கேன். வெள்ளரிக்காய் மட்டுந்தான்."

"நானும் டயட்டுதான். தெனம் ஒன்னையே தின்னா நாக்கு சும்மா இருக்காது. ஒருநா பால்கோவாக் கடைக்கு இழுத்துட்டுப் போயிரும்."

எனக்குப் புரிந்துவிட்டது, ஏதோ விற்கத்தான் பேச்சுக் கொடுக்கிறார். அடுத்து பையிலிருந்து சத்துமாவுப் பவுடர் வரும், போன் நம்பர் கேட்பார்.

"நீங்க எம்புட்டு இளைச்சீங்க?" என்றேன் குத்தலாக.

"முன்னன்னா இந்த சீட்டுல நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்க முடியாது."

மகள் சிரித்தாள். வாங்காதே என்று முழங்கையால் இடித்தேன். அதற்குள் இட்லி அவள் வாயில் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் பையைத் திறக்காமலே இறங்கிப் போய்விட்டார். யாரோ பெற்ற பிள்ளைமேல் அவருக்கு என்ன அக்கறை?

வீட்டுக்கு வந்ததும் மகள், "பயறு ஊறப்போடும்மா, நாளைக்குச் சுண்டல் பண்ணலாம்" என்றாள். அவள் குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்துப் பார்த்தேன். புது நம்பர் ஒன்றும் இல்லை. பிறகுதான் பயறை ஊறப்போட்டேன்.